வேம்புக்குள் இருந்த இரும்பு

மரம் அரியத் தொடங்கிய நாலாம் நாள் காலையில் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. சட்டையை என் மனைவி அசனாதான் மாட்டிவிட்டாள். விடியுமுன் ஸஹருக்குக் குடித்த தேத்தண்ணீரின் ஈரம் எட்டு மணிக்கே தொண்டையில் வற்றிவிட்டது. இனிப் பொழுது சாயும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நோன்பு.

இரண்டு பேர் இழுக்கிற வாளால் மரம் அரியும்போது மேலே நிற்பவருக்கு முதுகு போகும். கீழே நிற்பவனுக்குத் தோளும் கண்ணும் போகும். நான் கீழே நின்றேன். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற ஆள் நான். தோள் எதையும் தாங்கும் என்று எண்ணியிருந்தேன். மூட்டையை நினைத்த இடத்தில் இறக்கி வைக்கலாம். வாளை இறக்குவதற்கு மேலே நிற்பவர் மனம் வைக்க வேண்டும்.

மேலே நின்றவர் சோமசேகரம். தம்பலகாமத்து ஆள். ஐம்பத்தைந்து வயது, என் எடையில் பாதி.

அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழிப் புயல் எங்கள் வீட்டுக் கூரையைக் கொண்டுபோனது. சீனன்குடாவுக்கு அருகே, குடாக்கரையில் இருக்கிற அந்த வீடும் வளவும் அசனாவின் சீதனம். பெண்டாட்டி வீட்டில் இருக்கிற மாப்பிள்ளை அதற்கு ஒரு கூரையாவது போட வேண்டாமா? மூன்று பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில் ஒதுங்கியிருந்தோம். பெருநாள் கழிந்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும், அதற்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று பெரிய வாத்தியார் சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்த ஒரே செல்வம், வளவின் பின்பக்கம் புயல் வேரோடு சாய்த்த பெரிய வேம்பு.

என்னிடம் மரம் இருந்தது, வாள் இல்லை. சோமசேகரத்திடம் வாள் இருந்தது, கீழே நிற்க ஆள் இல்லை. அவருக்குக் கீழே இழுக்கிற மச்சானின் காலை, புயலில் விழுந்த தென்னை முறித்துவிட்டது. அவர் வீட்டுக் கூரையும் போய், அரிய வேண்டிய முதிரை மரக் குற்றி வெள்ளத்தில் கிடந்தது. பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

"முதல்ல உம்மட மரம், தம்பி, பன்னிரண்டு நாள் வேலை. பிறகு என்ர. என்ர மரத்துக்கு நீர் கீழ நிக்கோணும். ஒரு நாளுக்கு ஒரு நாள். காசுக் கதை வேண்டாம்."

"சரி அண்ணன்."

"இரும்பு கிரும்பு இருக்கோ மரத்தில? சீனன்குடாப் பக்கத்து மரத்துக்கு வாள் வைக்க ஒருத்தரும் வாறேல்ல. எல்லாத்திலயும் சண்டைக்காலத்து இரும்பு."

"ஆணி ஒண்டும் அடிக்கல்ல."

நான் சொன்னது உண்மை. ஆணி அடிக்கவில்லை.

ஆனால் அந்த மரத்தில் இரும்பு இருந்தது எனக்குத் தெரியும். நாற்பத்திரண்டில் சீனன்குடாவில் குண்டு விழுந்த காலையில் ஒரு சிதறல் பறந்து வந்து வேம்பில் ஏறியதை அசனாவின் வாப்பா ஆதம்பாவா கண்ணால் கண்டவர். நான் கல்யாணம் முடித்து வந்த கிழமை, "என்ர நெஞ்சுக்கு நேர ஏறினது, மகன்" என்று மரத்தடியில் நின்று காட்டினார். அப்போது அந்த இடத்தில் பட்டை மூடித் தழும்பும் தெரியவில்லை. மேலே, கிளை பிரிகிற கவருக்குக் கீழே, ஒரு பெரிய முண்டு புடைத்திருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் மரம் வளர்ந்திருக்கிறது. மரத்தோடு இரும்பும் மேலே போயிருக்கும். முண்டு அதுதான் என்று நான் முடிவு கட்டினேன். முண்டுக்குக் கீழே மரத்தைத் துண்டித்து, மேற்பக்கம் முழுவதையும் விறகுக்கு ஒதுக்கினேன்.

விறகு அசனாவின் வேலை. கோடாலியை என்னைவிட அளவாகப் போடுவாள். நான் இரண்டு போடு போடுகிற இடத்தில் அவளுக்கு ஒன்று போதும். வெடிப்புப் பார்த்து இறக்குவாள். நோன்போடு, காலையில் இரண்டு மணித்தியாலம் பிளந்து, கொப்பு வேறு, கட்டை வேறாக அடுக்கி, பள்ளிக்கூடத்தில் இருந்த ஐந்து குடும்பத்துக்கும் கஞ்சி காய்ச்ச விறகு கொடுத்தாள். நாலாம் நாள் காலையில் சட்டையை மாட்டிவிட்ட கையோடு சொன்னாள்:

"இஞ்ச பாருங்க, முண்டு முழுக்கப் பிளந்திட்டன். இரும்பு இல்ல."

"வேற கொப்பில இருக்கும்."

"கொப்பும் பிளந்திட்டன். வாப்பா நெஞ்சுக்கு நேர எண்டுதானே சொன்னவர்? அண்ணனிட்டச் சொல்லுங்க."

"சொன்னா அவர் வாளைத் தூக்கிக்கொண்டு போயிடுவார். திங்கட்கிழமை எங்க போறது? தெருவுக்கா?"

அவள் கோடாலியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மாரியில், கீழே நிற்பவனுக்குக் கிடங்கு வெட்டினால் தண்ணீர் ஊறும். அதனால் ஆள் உயரத்துக்குப் பரண் கட்டி, மரத்தைக் கயிறு போட்டு உருட்டி ஏற்றியிருந்தோம். சோமசேகரம் கரி தடவிய நூலைப் பிடித்து அடித்தால் மரத்தில் விழுகிற கோடு மயிர் அளவுக்கும் வளையாது. அந்தக் கோட்டை விட்டு வாள் விலகியதை நான் காணவில்லை. நான் கீழே இழுக்கிற இழுவையில் களைப்புத் தெரிந்தால், கேட்காமலே ஆப்பு அடிக்கிறேன் என்று நிறுத்துவார். தண்ணீர் குடிக்க வேலிக்கு அப்பால் போவார். ஒரு நாளாவது என் கண் முன்னால் குடிக்கவில்லை.

"அண்ணன், தூள் தொண்டைக்குள்ள போகுது. நோன்பு முறியுமோ தெரியாது."

"அதைப் பள்ளிவாசல் லெப்பையிட்டக் கேளும். வேப்பந்தூள் வயித்துப் பூச்சிக்கு நல்லது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

வெயில் உச்சிக்கு ஏறும் நேரம் வாள் கத்தியது. பல்லில் கல் கடிபட்டது போல என் இரண்டு கையும் விறைத்தன. வாள் நின்றுவிட்டது.

சோமசேகரம் இறங்கி வந்தார். வாளை உருவி, பெருவிரலால் பல்லைத் தடவிக்கொண்டே போனார்.

"ஏழு" என்றார்.

ஏழு பல் முறிந்திருந்தது. அது அவருடைய தகப்பனின் வாள். நான் மரத்தூளில் உட்கார்ந்தேன்.

"இரும்பு இருந்தது எனக்குத் தெரியும், அண்ணன். மேல போயிருக்கும் எண்டு நினைச்சன். காலம்பிறதான் மேல இல்லையெண்டு தெரிஞ்சது. அப்பவும் சொல்லல்ல."

"நான் கேட்டனான்தானே?"

"ஓம்."

 அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"மரத்துக்கு நுனிதானடா மேல போறது. அடி நிண்ட இடத்திலதான் பருக்கும். நீ சொல்றபடி எண்டா, உன்ர வேலியில பூவரசில கட்டின முள்ளுக்கம்பி இப்ப வானத்தில நிக்கோணும்!"

வேலிக்குப் பக்கத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த அசனா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளோ அழுதாளோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பள்ளிக்கூடம் எப்ப துறக்குது?" என்று கேட்டார்.

"பெருநாள் கழிஞ்ச திங்கள்."

"அப்ப அந்தப் பையில அரம் கிடக்கு. எடும்."

வாள் முழுவதையும் ராவி இறக்காமல் பல் சமப்படாது. மூன்று நாள் குந்தியிருந்து ராவினார். ஒவ்வொரு பல்லும் புதிதாக வெட்டி, ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாக விரித்தார். விரல் நுனிகள் வெடித்து அரத்தில் இரத்தம் பட்டது. துணி சுற்றிக்கொண்டு தொடர்ந்தார். மரத்திலிருந்த இரும்பை உளியால் நானே தோண்டி எடுத்தேன். ஒரு கைப்பிடி அளவு. தரையிலிருந்து அளந்தேன்: ஆதம்பாவா காட்டிய அதே இடம், அதே உயரம்.

பிறகு பன்னிரண்டு நாள் கணக்கு முடியும்வரை அரிந்தோம். கூரைக்கு வேண்டிய வளையும் கைமரமும் சிலாகையும் தேறின. அந்த மூன்று நாளையும் ஈடுகட்ட அவர் ஒருநாள்கூட நேரத்தோடு வீட்டுக்குப் போகவில்லை. நாங்கள் நோன்பு திறந்த பிறகு, அசனா கொடுக்கிற கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டுதான் சைக்கிள் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடைசி ஓடு ஏறியது. திங்கள் காலையில் பிள்ளைகள் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போனார்கள்.

நான் பங்குனியில் தம்பலகாமம் போனேன். முதிரை இன்னும் சேற்றில் கிடந்தது. "தண்ணி வத்தட்டும், ஆள் அனுப்புறன்" என்றார். ஆள் வரவில்லை. வைகாசியில் மறுபடியும் போனால், அவர் வீட்டில் புதுக்கூரை. மச்சான் நொண்டிக்கொண்டு கீழே நின்று இழுத்திருக்கிறார். வாள் சுவரில் தொங்கியது. முன்பைவிட அது ஒரு விரற்கடை ஒடுங்கியிருந்தது எனக்குக் கண்ணாலேயே தெரிந்தது.

"ஏன் அண்ணன் எனக்குச் சொல்லல்ல?"

"உம்மட தோளை நான் பார்த்தனான்தானே. இருக்கட்டும். இன்னொரு புயல் வராமலா போகும்? அப்ப வாரும்."

அசனாவிடம் வந்து சொன்னேன். அவள் அடுப்புக்குள் வேப்பங்கட்டை ஒன்றைத் தள்ளிக்கொண்டே, "அப்ப இன்னும் குடுக்கல்ல" என்றாள்.

இன்னும் கொடுக்கவில்லை. தம்பலகாமத்துச் சோமசேகரத்துக்கு நான் தரவேண்டியது, வாளின் கீழ்ப்பக்கம் நின்று இழுக்கிற பன்னிரண்டு நாள் வேலையும், ஒரு விரற்கடை வாளும்.