கொசுக்கடி

மைதிலியின் கழுத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார் ஸ்கூல் வேன் டிரைவர் டேனியல். பவுடர் உதிர்ந்தது. அடியில் நீர் கோத்த கொப்புளங்கள்.

"என்ன அம்மிணி இது?"

"கொசுக்கடிங்ணா," என்றாள் விஜயகுமாரி. பெற்ற மகளை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வாய் கூசத்தான் செய்தது. கூசினால் ஆயிற்றா? கட்டினவன் லாரியோடு சூரத்துக்குப் போய்விட்டான். ஷிப்மென்ட் முடிவதற்குள் லீவு என்று வந்து நின்றால் மெஷினில் வேறு ஆளை உட்காரவைப்பேன் என்று சூப்பர்வைசர் நேற்றுத்தான் எகிறினான். பனியனில் பொட்டுக் கறை இருந்தால்கூட எடுத்துத் தனியே வைக்கிற கம்பெனிக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் காது கேட்காது. வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று தெரிந்தாலோ, அவளையே கேட்டுக்குள் விடமாட்டார்கள். அந்த ஆத்திரத்தில்தான் காலையில் பவுடர் டப்பாவையே காலி செய்திருந்தாள்.

"இது அம்மைங்க. வண்டி நெறைய ஊரான் ஊட்டுப் புள்ளைங்க இருக்குதுங்க. நான் ஏத்த மாட்டேன்." டேனியல் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுங்ணா!" என்று பல்லைக் கடித்தாள். அதற்குள் அவளை ஏற்றிப்போக கம்பெனி வேன் பின்னால் வந்து நின்றிருந்தது. அதிலிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டது.

முதலில் ஜன்னலில் தலையை நீட்டியவள் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள். "ஏண்டி, உனக்கு மனசாட்சி இருக்குதா? அம்மை போட்ட புள்ளைய நாலு புள்ளைங்களோட அனுப்புவியா?"

விஜயகுமாரிக்கு உச்சி வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆரு பேசறதுக்கா? போன மாசம் உம் பையனுக்குப் போட்டப்ப பவுடரப் பூசி அனுப்புனியே, அப்ப எங்க போச்சு உம் மனசாட்சி? வேல போயிரும்னு எங்கிட்டத்தான வந்து அழுத? நான் ஆருகிட்டயாவது வாயத் தொறந்தனா?"

கண்ணம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். "நீங்க ஏற வேண்டாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கம்பெனி வேன் டிரைவர் வண்டியை எடுத்தான். பொய் சொல்லித் தப்பித்தவள் வேலைக்குப் போனாள். அவளுக்காக வாயை மூடிக்கொண்டு, தன் பிள்ளைக்கும் அந்த அம்மையை வாங்கிக்கொண்டவள் ரோட்டில் நின்றாள்.

"வெயில்ல நிக்காத அம்மிணி, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ," என்று டேனியலும் கிளம்பினார். புத்தி சொல்ல மட்டும் ஆளுக்குக் குறைச்சலில்லை.

"நாசமாப் போங்கடா!" என்று போகிற இரண்டு வண்டிகளையும் பார்த்துக் கத்தினாள் விஜயகுமாரி. இன்னும் கத்தவேண்டும் போலிருந்தது.

இடுப்பில் ஏதோ சுட்டது. மைதிலி நெற்றியைச் சாய்த்திருந்தாள். இத்தனை பேச்சிலும் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சண்டை முடிஞ்சுதாம்மா?" என்றாள். "இனிப் படுத்துக்கலாமா?"