எடை இல்லாத இடம்

தேயிலை விலை சரிந்த வருடம் அது. விலையோடு எடையும் சரியவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் கோத்தகிரி எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் ஜெகதீசன், ஈரம் என்றும் முற்றல் என்றும் சொல்லி மூட்டைக்கு மூட்டை பாதியைக் கழித்துவிடுவார்.

அன்று தராசுக்குப் பக்கத்தில் இருந்த ரேடியோ, பிரெஞ்சு வீராங்கனை ஒருவர் விண்வெளிக்குப் போய்ச் சேர்ந்த செய்தியைச் சொன்னது.

"அங்க போனா எதுக்குமே எடை இருக்காது, காத்தாயி," என்றார் ஜெகதீசன், ராக்கெட்டைத் தானே ஏவியவர்போல.

காத்தாயி தான் பறித்த கொழுந்து மூட்டையைத் தராசில் வைத்தாள். முள் எகிறியது. அவர் வழக்கம்போலப் பாதியை எழுதினார்.

"ஏனுங்க, அதுக்கா அந்தம்மா அத்தனை தூரம் போச்சு?" என்றாள் அவள். "உங்க தராசுல ஏறி நின்னிருந்தாப் போதுமுங்களே!"