தலைமடையிலிருந்து எண்ணிய மனை

வாங்க கண்ணுங்களா, இன்னும் கிட்ட வந்து உட்காருங்க. காலை நீட்டணும்னா நீட்டிக்குங்க. சொந்த மனை இருக்க, அடுத்தவர் மனையில் உளுந்து விதைத்துவிட்டு நின்ற ஒருத்தியின் கதை சொல்கிறேன். கேட்டு முடிக்கையில் உங்கள் மனசும் ஒரு துள்ளுத் துள்ளும், அதற்கு நான் பொறுப்பு.

உண்ணாமலை தா.பழூர் பக்கம் நெல்வயல் வரப்பிலேயே வளர்ந்தவள். குடும்பத்து நிலம் மாமனார் பெயரில் இருந்தது, பிறகு கணவர் முத்துசாமி பெயருக்கு வந்தது. தன் பெயரில் ஒரு பிடி மண் வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

பெரம்பலூரில் கல்லூரிகள் பெருகி, சோளக்காடெல்லாம் மனைகளாகிக்கொண்டிருக்கிற காலமில்லையா? சித்திரையில் அங்கே ஏழாம் எண் மனையை முத்துசாமி ஒரு புரோக்கர் மூலம் வாங்கி, அவள் பெயருக்கே பதிந்து கொடுத்தார். அன்றைக்கே மனைக்குப் போய் எல்லைக்கல்லில் ஒரு மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டினாள். ஊர் வந்து சேரும்வரை பத்திரம் அவள் மடியைவிட்டு இறங்கவில்லை.

புரட்டாசி மழை பெய்ததும் அவளுக்குக் கை பரபரத்தது.

"வூடு கட்டுற வரைக்கும் மண்ணு சும்மாவா கெடக்கும்? உளுந்து தெளிச்சுட்டு வருவோங்க."

"மனையில வெள்ளாமையா? ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். வடை சுட்டா அவங்கதான் மொதல்ல வந்து நிப்பாங்க."

விதையோடு போனால், மனைகள் முழுக்க ஆளுயரத்துக்குச் செடி மண்டிக் கிடந்தது. கல் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஏரிப்பக்கம் தொடங்கி ஏழாவது மனைவரை உண்ணாமலையே எண்ணினாள். களை வெட்டியதும் கல் தென்பட்டது, துணியைக் காணோம்.

"ஆடு தின்னுருக்கும்" என்றார் முத்துசாமி. விதைத்துவிட்டு வந்தார்கள்.

கார்த்திகையில் பார்க்கப் போனபோது உளுந்து கொத்துக் கொத்தாகக் காய் பிடித்திருந்தது. அதற்கு நடுவே கொத்தனாரோடு ஒரு பெண் நின்றிருந்தார். பெயர் நர்மதா, அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்.

"யாருங்க நீங்க? என் மனையில யாரு பயிர் வச்சது? நாளைக்கு எனக்கு பூமிபூஜை!"

உண்ணாமலை விறுவிறுவென்று அவர் முன்னால் போய் நின்றாள். "இது என் மனைங்க! பத்திரம் இருக்கு! ஐயோ, ஒரே மனைய ரெண்டு பேருக்கு வித்துட்டானா அந்தப் புரோக்கரு?"

"உங்க மனை எண் என்ன?"

"ஏழுங்க."

"இது பன்னெண்டும்மா."

"ஏழாவதுதாங்க! என் வெரலால எண்ணுனேன்."

"எங்கேருந்து எண்ணுனீங்க?"

"தலைமடையிலேருந்து. ஏரிப்பக்கந்தானே தண்ணி வரும்? வேற எங்கேருந்து எண்ணுவாங்க?"

கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நர்மதாவுக்கும் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "வயலைத்தாம்மா அப்படி எண்ணுவாங்க. மனைய ரோட்டுலேருந்து எண்ணணும். இங்க தண்ணியா வருது? பஸ்ஸுதான் வருது!"

உண்ணாமலை ரோட்டுக்கு ஓடினாள். அங்கிருந்து ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டே செடிகளுக்குள் புகுந்தாள்.

"பாம்பு கெடக்கும்டி, நில்லு!" என்று முத்துசாமி பின்னாலேயே ஓடினார்.

ஏழாவது மனையில் மூலைச் செடியைப் பற்றி இழுத்தாள். வேரோடு வந்தது. அடியில் கல். கல்லில், வெயிலில் வெளுத்துப்போன மஞ்சள் துணி.

"இருக்குங்க! என் மண்ணு இருக்குங்க!" என்று அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நர்மதாவிடம் வந்தாள். "டீச்சர், இப்பவே எல்லாத்தையும் புடுங்கிடுறேன். உங்க நல்ல நேரம் தப்பக் கூடாது." குனிந்து ஒரு செடியில் கை வைத்தவளை நர்மதா தடுத்தார்.

"பூஜைக்கு ஈசானி மூலை மட்டும் போதும்மா. அஸ்திவாரம் தோண்ட தை ஆயிடும். அதுக்குள்ள இது காஞ்சிடுமா?"

"மார்கழியிலயே காஞ்சிடுங்க!"

"அப்ப நிக்கட்டும். ஆனா மொத வடை எனக்குத்தான்."

"பாத்தியா," என்றார் முத்துசாமி, "சிரிச்சவங்கதான் மொதல்ல வந்து நிப்பாங்கன்னு நீதானே சொன்ன!"

கண்ணுங்களா, உங்கள் வீட்டு எல்லைக்கல் என்றைக்கும் அசையாதிருக்கட்டும். உங்கள் வீட்டில் மண் கேட்கிற மகளுக்கு அவள் பெயரிலேயே மண் அமையட்டும். பக்கத்து வீட்டிலிருந்து சுடச்சுட வடை வரட்டும், உங்கள் வீட்டிலிருந்தும் போகட்டும். குடும்பம் தழைத்து நல்லா இருங்க.