ஒன்பதாம் விதியும் கரைவலைக் கயிறும்

"இந்த வண்டிய இழுக்கிறது என்ன?" என்று கேட்டுவிட்டு, செல்லத்தங்கம் மிஸ் பேனையைக் கடதாசிக்கு மேலே பிடித்தபடி காத்திருந்தார்.

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்த காப்புறுதி அலுவலகம் அது. மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் றாஸிக் ஹாஜியார், அவருக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியரான ஜெமீல் சேர், ஓரத்தில் வலது காலை நீட்டி வைத்தபடி சுபியான். வண்டி சுபியானுடையது. கழகம் ஹாஜியாருடையது. விதிகள் ஜெமீல் சேருடையவை.

"காத்து, மிஸ்," என்றான் சுபியான்.

"காத்துக்கு இதில இடமில்ல தம்பி. எஞ்சின் எண்டு ஒரு இடம் இருக்கு, மிருகம் எண்டு ஒரு இடம் இருக்கு."

ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மிஸ், இது பட்டம் இழுக்கிற வண்டி. வெளிநாட்டுல பெரிய பெரிய ஆக்கள் ஓடுற. இந்த நாட்டுல எங்கட கழகம்தான் முதலாவது."

"பட்டமெண்டா, புள்ளைகள் ஏத்துற பட்டமா?"

"அதேதான். ஆனா ஆளையும் கொண்டு போயிரும்," என்றான் சுபியான்.

செல்லத்தங்கம் பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வருகிறவர். கோயில் தேருக்கும் கல்யாணப் பந்தலுக்கும் தென்னந்தோப்புக்கும் காப்புறுதி எழுதிய கை அவருடையது. சற்று யோசித்து, "மாட்டுவண்டி எண்டு போடுறன். மாடு இல்லாத மாட்டுவண்டி," என்றார். "கடற்கரை எல்லாருக்கும் பொது. அங்க மூண்டாம் ஆள் ஒருத்தருக்குச் சேதம் வந்தா நாங்க குடுப்பம். ஓடுற ஆளுக்கு ஓடத் தெரிஞ்சாப் போதும்."

ஜெமீல் சேருக்கு அது பிடிக்கவில்லை. "போதாது மிஸ். எங்கட ஆறாம் விதி அதவிட உயர்ந்தது. ஓட்டுநர் இரு கால்களும் பூரணமாக இயங்கும் தேகாரோக்கியம் உடையவராயிருத்தல் வேண்டும்."

"உங்கட விதி அப்பிடியெண்டா அதையே சேத்து எழுதிவிடுறன்," என்று செல்லத்தங்கம் எழுதினார்.

அதன் பிறகு சிறிது நேரம் யாரும் சுபியானின் காலைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு ஹாஜியாரும் சேரும் பட்ட பாட்டைப் பார்த்தால், அந்தக் கால் அலுவலகம் முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

சுபியான் கட்டாரில் கட்டட வேலை செய்தபோது உயரத்திலிருந்து விழுந்தவன். வலது முழங்கால் அதன் பிறகு மடங்கவில்லை. ஊருக்குத் திரும்பும்போது அவனுடைய மேற்பார்வையாளர், தான் பாலைவனத்தில் ஓட்டித் திரிந்த பழைய வண்டியையும் பட்டத்தையும் அவனுக்குக் கொடுத்துவிட்டார். கம்பளிக்கும் பால்மா டின்களுக்கும் இடையில் அது கப்பலில் வந்தது. மூன்று கொழுத்த சில்லுகள், சாய்ந்து உட்காரத் துணியாலான ஒரு இருக்கை, பாதங்களால் திருப்பும் முன்சில்லு. சுபியான் வலது பாதத்தைப் பட்டியால் கட்டிவிட்டு இடது காலால் திருப்பப் பழகிக்கொண்டான். பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி வரும். அந்தக் காற்றில் சாய்ந்தமருதுக் கரையின் ஈர மணலில் அவன் வடக்கேயும் தெற்கேயும் ஓடுவான். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் கிழவர்கள்கூட அவனை முந்திக்கொண்டுதான் போவார்கள். கடற்கரையில் மட்டும் மோட்டார் சைக்கிள்காரனும் அவனுக்குப் பின்னால்தான். இறங்கும்போது ஒவ்வொரு நாளும், யாருக்கும் கேட்கட்டும் என்றில்லாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "அல்ஹம்துலில்லாஹ்" என்பான்.

ஒருநாள் பட்டம் கைதவறி, ஊருக்கெல்லாம் மூத்த அக்காவான றம்ஸியா தாத்தாவின் தேத்தண்ணிக் கடைக் கூரையில் போய் விழுந்தது. றம்ஸியா தாத்தா ஒன்றும் சொல்லவில்லை; பட்டத்தை மடித்து, வடை இரண்டையும் வைத்துக் கொடுத்துவிட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் கடையில் தேத்தண்ணி குடித்தவர்கள் சொன்னார்கள். பேச்சு அதிகாரிகள் வரை போயிற்று. பொதுக் கடற்கரையில் தனி ஆள் இப்படி ஓடக்கூடாது. கழகம் வேண்டும், விதி வேண்டும், காப்புறுதி வேண்டும் என்று முடிவாகிவிட்டது. சுபியான் போய் நின்றது றாஸிக் ஹாஜியாரிடம்.

புடவைக்கடைக்காரரான ஹாஜியார் ஏற்கெனவே தான் ஒருநாளும் விளையாடாத மூன்று விளையாட்டுகளுக்குத் தலைவர். நான்காவது வாசலுக்கே வந்தபோது அவர் கண் கலங்கிவிட்டது. 'அகில இலங்கைப் பட்டவண்டி விளையாட்டுக் கழகம்' உருவானது. காப்பாளர், தலைவர், உபதலைவர்கள், செயலாளர், பொருளாளர் என்று கூட்டப் படத்தில் நிற்க இடம் போதவில்லை. அகில இலங்கைக்கும் வண்டி ஒன்றே ஒன்று. அது படத்தில் வரவில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். கடையைப் போட்டுவிட்டு வெயிலில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் ஹாஜியார்தான். சுபியான் அதை மறக்கவில்லை.

விதிகளை ஜெமீல் சேர் வெளிநாட்டுக் கழகமொன்றின் இணையப் பக்கத்திலிருந்து தமிழாக்கினார். கடல் நன்றாக வற்றி விலகிய நேரத்தில் மட்டும் ஓட வேண்டும் என்றது நான்காம் விதி. கல்முனைக் கடல் ஆண்டு முழுவதும் இருந்த இடத்திலேயே இருப்பது. குதிரைச் சவாரி செய்வோருக்கு வழிவிட வேண்டும் என்றது ஐந்தாம் விதி. அதற்கு மட்டும் சேர் மனமிரங்கி 'மாடுகளுக்கும்' என்று சேர்த்துக்கொண்டார். ஒன்பதாம் விதி அவருடைய சொந்தக் கற்பனை. றம்ஸியா தாத்தாவின் கூரையை நினைத்து எழுதியது. ஓடும்போது பட்டத்தைக் கைவிடுகிறவர் எவராயினும், எப்பதவி வகிப்பினும், ஓராண்டு நீக்கப்படுவார்.

"பதவிய ஏன் சேர் இதுக்குள்ள இழுக்கிறீங்க?" என்று ஹாஜியார் கேட்டிருந்தார்.

"தலைவருக்கும் சேத்துத்தான் சட்டமெண்டா சனம் மதிக்கும் ஹாஜியார்."

மதிப்பு என்ற சொல் வந்தால் ஹாஜியார் கையெழுத்து வைத்துவிடுவார்.

காப்புறுதி எழுதிய அன்று பின்னேரம் சுபியான் நடந்ததைச் சொன்னபோது, மனைவி இன்ஷிரா மீன் அரிந்துகொண்டிருந்த அரிவாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"அப்ப நம்மட வண்டிய நீங்க ஓடேலாது?"

"விதியில அப்பிடிக் கெடக்கு. விழாவுல ஹாஜியார்தான் ஓடப்போறாராம். நமக்காக எவ்வளவு அலைஞ்ச மனிசன், அவரோட என்னெண்டு கதைக்கிற?"

"நன்றியெண்டு சொல்லி வண்டியக் குடுத்திட்டீங்க. நாளைக்கு அந்த மனிசன் நொண்டிக்கிட்டு வந்தா காலையும் குடுப்பீங்களா?"

"இந்தக் கால ஆரு புள்ள வாங்குவா?"

இன்ஷிரா சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும், "எனக்கு நீங்க அதுல ஓடுற அந்த ஒரு மணித்தியாலம் வேணும்," என்றாள். "அது முடிஞ்சி வீட்டுக்கு வாற ஆள்தான் என்ட மாப்புள. மத்த நேரத்துல ஆரோ ஒராள் கதிரையில இரிக்காரு."

ஆரம்ப விழா காலை பத்து மணிக்கு என்று துணிப் பெனர் அடித்தார்கள். பிரதம அதிதிக்கு அந்த நேரம்தான் வசதி. அது கச்சான் என்ற மேல்காற்று வீசும் காலம். காலையில் காற்று ஊரிலிருந்து கடலுக்கு அடிக்கும், பின்னேரம்தான் திரும்பும். இது ஹாஜியாருக்கும் தெரியும், சேருக்கும் தெரியும், கரையில் படுத்திருக்கும் மாட்டுக்கும் தெரியும். ஆனால் பெனர் அடித்தாயிற்று. பிரதம அதிதி கடைசி நேரத்தில் வரவில்லை. காற்று நேரத்துக்கு வந்திருந்தது.

கரைவலைக்காரர்களுக்கு முதல்நாளே அறிவித்தல் போயிருந்தது. விழா முடியும்வரை கரையில் நிற்க வேண்டாம் என்று. வலைக்குச் சொந்தக்காரரான மீராசா காக்கா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "மீனுக்கும் ஒரு கொப்பி குடுங்க சேர். நாளைக்கு வராம வேற நாளைக்கு வரட்டும்," என்றார். மறுநாள் காலை வழக்கம்போலத் தோணி வலையைக் கடலில் வளைத்துவிட்டு வந்தது. ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹாஜியார் மோட்டார் சைக்கிள் தலைக்கவசமும், ஒலுவில் துறைமுகத்துப் படகொன்றில் இரவல் வாங்கிய உயிர்காப்பு அங்கியுமாக வண்டியில் அமர்ந்தார். அங்கி படத்துக்காக. சுபியான் மணலில் குந்த முடியாமல் பக்கவாட்டாக விழுந்து உட்கார்ந்து, பட்டத்தின் பிடியை அவர் கையில் கொடுத்தான்.

"ஹாஜியார், என்ன பிழைச்சாலும் கைய உட்டிருங்க. பட்டம் தன்ட பாட்டுல விழுந்திரும். வண்டி நிண்டிரும்."

"எனக்குத் தெரியும்டா மனே."

பட்டம் ஏறியது. சிவப்பும் மஞ்சளுமாக அது விரிந்தபோது கூட்டம் "மாஷா அல்லாஹ்" என்றது. வண்டி வடக்கே கொஞ்சம் ஓடியது. ஹாஜியார் படம் எடுப்பவரைத் தேடித் திரும்பினார். முன்சில்லும் திரும்பியது. கச்சான் அதற்காகவே காத்திருந்ததுபோல அவரை நேராகக் கடலுக்கு இழுத்தது.

"கைய உடுங்க ஹாஜியார்! உடுங்க!" சுபியான் மணலில் கிடந்து கத்தினான். போவது அவனுடைய வண்டி. இந்தக் கரையிலோ, இந்த நாட்டிலோ அதுபோல இன்னொன்று வாங்கக் கடை கிடையாது.

தலைக்கவசத்துக்குள்ளிருந்து ஹாஜியாரின் குரல் வந்தது. "ஒன்பதாம் விதி!"

ஜெமீல் சேர் ஒலிவாங்கியைப் பறித்தார். "தலைவர் அவர்களுக்கு ஒன்பதாம் விதி தற்காலிகமாக நீக்கப்படுகிறது! தலைவர் அவர்கள் கையை விடலாம்!" காற்று அதை நன்றாகத்தான் கொண்டு போனது. அலையிரைச்சல் நிறைந்திருந்த தலைக்கவசம் உள்ளே விடவில்லை. வண்டி முதல் அலையில் ஏறி, இரண்டாவதில் மிதந்து, மூன்றாவதில் சரிந்தது. பட்டம் தண்ணீரில் விழுந்து பாயாக விரிந்தது. தலைவரும் வண்டியும் தெரியவில்லை.

கரைவலை ஆட்களுக்குக் கயிறு கனத்தது. பெரிய மீன் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு அலைக்கு மேலே தலைக்கவசம் தெரிந்தது. வண்டியின் முன்பக்கம் வலைக் கயிற்றில் கொழுவியிருந்தது.

"ஹாஜியார்ரா! உடாதீங்க, வலிங்க!" என்று மீராசா காக்கா கத்தினார்.

அதன் பிறகு கரையில் பார்வையாளர் என்று யாரும் இல்லை. உபதலைவர்கள் இழுத்தார்கள். பொருளாளர் இழுத்தார். ஜெமீல் சேர் ஒலிவாங்கியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இழுத்தார். விருந்தாளியாக வந்திருந்த செல்லத்தங்கம் மிஸ் சேலையைச் செருகிக்கொண்டு இழுத்தார். காப்புறுதி நிறுவனமொன்று அவ்வளவு விரைவாகச் செயற்பட்டதை அந்தக் கரை அதற்கு முன் கண்டதில்லை. கால் ஊன்றி இழுக்க முடியாத சுபியான் எல்லோருக்கும் பின்னால் மணலில் இருந்து, மடங்காத காலை மணலில் புதைத்து, கயிற்றை உடம்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். யாராவது வழுக்கினால் கயிறு அவனில்தான் நின்றது.

ஹாஜியார் கரையில் வந்து கிடந்தார். ஒரு கை வலைக் கயிற்றில். மறு கை வண்டியின் இருக்கைப் பட்டிக்குள் முழங்கைவரை நுழைந்திருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றியதும் அரைப் போத்தல் கடல் கொட்டியது. அவர் முதலில் தேடியது சுபியானை.

"மனே... வண்டிய நான் உடல்ல. கடலுக்குள்ள தாண்டு போகப் பாத்திச்சி. புடிச்சிட்டன்."

சுபியான் அந்த மனிதரின் ஈரக் கையை எடுத்து இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான். "அல்லாஹ் ஒங்களுக்கு பறக்கத் செய்யட்டும் ஹாஜியார்," என்றான்.

வலை ஒருபக்கம் தூக்கிவிட்டதால் மீனில் பாதி ஓடிப்போயிருந்தது. செல்லத்தங்கம் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு மீராசா காக்காவிடம் வந்தார். "காக்கா, மூண்டாம் ஆள் நீங்கதான். நட்டத்தைச் சொல்லுங்க, நான் எழுதிக் குடுக்கிறன்."

"நட்டமா? மனிசன் உசிரோட வந்திரிக்கி, நீங்க நட்டத்தக் கேக்கிறீங்க." காக்கா தன் ஆட்களிடம் திரும்பினார். "டேய், கயித்துல கை வெச்ச ஆக்களுக்கெல்லாம் பங்கு போடு. மிஸ்ஸுக்கும் போடு. சேருக்கும் போடு, மைக்கோட சேத்து."

அது அந்தக் கரையின் வழக்கம். வழியில் போகிறவன் கயிற்றில் கை வைத்தாலும் அவனுக்கும் கறிக்கு மீன் உண்டு.

"ஹாஜியாருக்கு?" என்று ஒருவன் கேட்டான்.

"அவரும் கயித்தப் புடிச்சிட்டுத்தானே வந்த. கடல் பக்கத்தால புடிச்சா பங்கில்ல எண்டு ஆரு சொன்ன?"

முதலில் சிரித்தது ஹாஜியார்தான். உலர்ந்த துணி வேறு இல்லாததால் ஆரம்ப விழாப் பெனரை அவருக்குப் போர்த்தியிருந்தார்கள். முதுகில் 'மாபெரும்' என்பது மட்டும் தெரிந்தது. கீரி மீன் கோர்வையை மடியில் வைத்துக்கொண்டு அவர் கடலைப் பார்த்தபடி இருந்தார்.

"சேர், அந்த ஆறாம் விதிய எழுதின ஆரு?"

"வெளிநாட்டுக்காரன் ஹாஜியார். நான் தமிழ்ப்படுத்தின மட்டும்தான்."

"எனக்கு ரெண்டு காலும் பூரணமா இரிக்கி," என்றார் ஹாஜியார்.

அஸருக்குப் பிறகு காற்று திரும்பியது. வளைந்த முன்சில்லை வலைக்காரர்கள் தட்டி நிமிர்த்தியிருந்தார்கள். இன்ஷிரா உப்புத்தண்ணீர் போக அலசி உலர்த்திய பட்டத்தை மணலில் விரித்துவிட்டு, தள்ளிப் போய் நின்றாள். சுபியான் வண்டிக்குப் பக்கத்தில் இருந்தானே தவிர ஏறவில்லை. தூரத்தில் உலர்ந்த சாரம் உடுத்து ஹாஜியார் வருவதும், அவருக்குப் பின்னால் விதிப்புத்தகத்தோடு ஜெமீல் சேர் வருவதும் தெரிந்தது.

ஹாஜியார் வந்து வண்டியைப் பார்த்தார். சுபியானைப் பார்த்தார். அந்தக் காலையும், இந்த முறை நேராகவே, பார்த்தார். "ஏறு மனே," என்றார். சுபியான் ஏறியதும் மணலில் முழங்காலூன்றி, மடங்காத காலின் பாதத்தை எடுத்து வைத்துப் பட்டியை இறுக்கிக் கட்டினார். புதிதாகக் கட்டுகிறவர் என்பதால் இரண்டு முடிச்சு அதிகம் போட்டார்.

மீராசா காக்கா பழைய கயிற்றுச் சுருளொன்றைக் கொண்டுவந்து வண்டியின் பின்னால் ஒரு நுனியைக் கட்டினார். "இது எங்கட காப்புறுதி. கடதாசி கிடதாசி ஒண்டுமில்ல. நுனிய ஆராச்சும் புடிச்சா சரி."

மற்ற நுனியை ஹாஜியார் எடுத்துக்கொண்டார்.

பட்டம் எழும்பியது. வண்டி ஈர மணலில் நழுவிப் புறப்பட்டது. சுருள் வளையம் வளையமாக அவிழ்ந்து ஓடியது. ஜெமீல் சேர் ஏதோ ஒரு விதியின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். காற்று கடலிலிருந்து வந்ததால் அந்தக் குரல் ஊருக்குள் போயிற்று. கடைசி வளையமும் நிமிர்ந்தபோது றாஸிக் ஹாஜியார் ஒரு கையால் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த கயிற்றை விடாமல், அலை வந்து போன தடத்தில் ஓடத் தொடங்கியிருந்தார்.