அரை சென்டிமீட்டர்

என் பெருமையை நானே பேசுவது அழகல்ல என்றாலும் இதைச் சொல்லியாக வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் நான் ஆயத்த ஆடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அறுபது அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மெஷினை ஒரே ஓட்டாக ஓட்டுகிற வேலை. அரை சென்டிமீட்டர் பிசகினால் அறுபது சட்டைக்கும் தோள் போச்சு. என் கையில் ஒரு சட்டைக்கும் தோள் போனதில்லை. வீட்டிலும் எனக்கு மாஸ்டர் என்றுதான் பெயர். கோபம் வந்தால் மட்டும் என் மனைவி "பெரிய மாஸ்டர்" என்பாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மலைவீட்டின் பின்னறைக்கு நான் வெட்டிய பலகைகளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு நான் ஆசைப்பட்டு வாங்கிய வீடு அது. விடுமுறைக்குக் குடும்பமாகப் போய் நாலு நாள் கிடக்கலாம் என்று எண்ணம். இரண்டு அறை, தகரக் கூரை, ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போக முடிகிற சமையலறை. பஸ்ஸை விட்டு இறங்கி கால் மணி நேரம் ஏற வேண்டும். முதல் நாள் மூச்சு வாங்க ஏறி வந்து பார்த்த என் மனைவி, "இதுக்கு வீடுன்னு யாருங்க பேர் வச்சது?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. சுவர்ப் பலகைகள் உளுத்துப்போய், உள்ளே இருந்தபடியே வெளியே மேயும் மாட்டைப் பார்க்கலாம் போலிருந்தது.

மாப்பிள்ளைதான் ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "தூணெல்லாம் உறுதியா இருக்கு அத்தை. மிச்சத்தை நானும் மாமாவும் பாத்துக்கறோம்."

என் ஒரே மகளின் கணவர் அவர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அதிகம் பேசமாட்டார். நாள் முழுக்க "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிவிட்டு மிச்ச வார்த்தைகளைச் சேர்த்து வைக்கிறார் போல என்று நான் கிண்டல் செய்வேன். அதற்கும் சிரிப்பு மட்டும்தான் பதில்.

இரண்டு வருஷம், ஞாயிறு தவறாமல் நாங்கள் இருவரும் மலையேறினோம். பழைய வீடு என்பதால் எந்த இரண்டு தூணுக்கும் நடுவே இடைவெளி ஒரே மாதிரி இருக்காது. ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாக அளவெடுக்க வேண்டும். நான் உள்ளே நின்று தூணுக்குத் தூண் டேப் பிடித்து, "நூத்தி எண்பத்தி மூணு!" என்று கத்துவேன். வராந்தாவில் அறுப்புப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளை, தன் டேப்பை வைத்துக் குறித்து அறுத்துக்கொண்டு வருவார். பலகையை இரண்டு தூணுக்கும் நடுவே வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு. டக்கென்று உட்கார்ந்துவிடும். ஒரு தாள் நுழைய இடம் இருக்காது.

"பாத்தீங்களா மாப்ள? அளவுன்னா இது."

"ஆமா மாமா."

முன்னறை முழுக்க இப்படித்தான் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும். மகன் இல்லையே என்று நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷம் எனக்கு ஒரு சிநேகிதன் கிடைத்தான் என்று சொல்ல வெட்கமில்லை.

பின்னறையைத் தொடங்கி ஐந்து பலகை அடித்திருந்தபோது மகள் பேத்தியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெட்டியோடு வந்தாள். அடிதடி கிடையாது, குடி கிடையாது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒத்துவரவில்லை என்றார்கள், பிரிந்துவிட்டார்கள். ஏழு வயசுப் பேத்தி ஒரு சனி ஞாயிறு அம்மாவோடு, மறு சனி ஞாயிறு அப்பாவோடு என்று முடிவாயிற்று. சண்டை போட்டிருந்தாலாவது நடுவில் புகுந்து ஏதாவது சொல்லியிருப்பேன். இதில் நான் எங்கே புகுவது?

மகள் பக்கம் நிற்க வேண்டியது அப்பனின் கடமை. நின்றேன். அவரோடு பேச்சை நிறுத்தினேன். பேத்தியைக் கூட்டிப்போக அவர் வருகிற சனிக்கிழமைகளில் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். ஒருநாள் தண்ணீர் வரவில்லை. வெளியே வந்தவன் மாடிப்படியில் அவர் எதிரே போய் நின்றுவிட்டேன்.

"வணக்கம்" என்றார்.

ஒன்பது வருஷத்தில் அவர் எனக்கு வணக்கம் சொன்னதே இல்லை. "என்ன மாமா, சாப்டீங்களா?" என்றுதான் கேட்பார். வணக்கம் சொல்லி என்னை வெளியாள் ஆக்கிவிட்டார். நானும் பதிலுக்கு வணக்கம் சொல்லி அவரை வெளியாள் ஆக்கினேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரைக் கூப்பிட வேண்டும், பழையபடி மலைக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர மனசில் வேறொன்றுமில்லை. அதை மகளிடம் எந்த முகத்தோடு கேட்பது?

எட்டு மாதம் மலைப்பக்கமே போகவில்லை. பள்ளி விடுமுறை நெருங்கும்போது மகளே, "லீவுக்கு மலைக்குப் போலாமாப்பா? பின்னாடி ரூம்ல நானும் பாப்பாவும் படுத்துக்கறோம்" என்றாள். அந்த அறையில் முக்கால் சுவர் வெறும் தூணாக நிற்கிறது. இனி ஆவதைப் பார்ப்போம் என்று என் மனைவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நானே அளந்தேன். நானே அறுத்தேன். முதல் பலகை அரை சென்டிமீட்டர் குட்டை. சரி, கைப்பழக்கம் விட்டுப்போச்சு என்று இரண்டாவதை வெட்டினேன். அதுவும் குட்டை. மூன்றாவதற்கு மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் ஒரே அளவு, பலகை மட்டும் குட்டை. இடுக்கு வழியாகக் குளிர்காற்று விசில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது.

"மரம் சரியில்ல. மரக்கடைக்காரன் காயாத மரத்தைத் தலையில கட்டிட்டான். சுருங்குது" என்றேன்.

"அறுத்து அஞ்சு நிமிஷத்துலயா சுருங்கும்?" என்றாள் மனைவி.

"அப்ப வாள் சரியில்ல."

"வாள் சரியில்ல, மரம் சரியில்ல, நான் பிடிக்கிறது சரியில்ல. பெரிய மாஸ்டர் மட்டும் சரி."

ஒன்பதாவது பலகையும் குட்டையாகப் போனபோது நான் சுத்தியலை வீசி எறிந்தேன். அது என் கால் பக்கத்திலேயே விழுந்து என் மானத்தை இன்னும் கொஞ்சம் வாங்கியது. மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போய், கீழே வளைவில் பட்டறை வைத்திருக்கும் தச்சரை அழைத்து வந்தாள்.

தச்சர் பலகையைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்க்கவில்லை. நேராக என் டேப்பை வாங்கி அதன் நுனியைப் பார்த்தார்.

"இது எப்ப கீழ விழுந்துச்சு?"

வேலை தொடங்கிய முதல் வாரம் ஏணி மேலிருந்து விழுந்தது. அதற்கென்ன?

"நுனியில இருக்கிற கொக்கி வெளிப்பக்கமா வளைஞ்சிருக்குங்க. தூண்ல முட்டுக் கொடுத்து அளக்கும்போது அது அரை சென்டி முன்னாடியே இடிச்சிடும். அளவு கம்மியாக் காட்டும். பலகையில மாட்டி அளந்தா சரியா இருக்கும். அதான் உங்களுக்குப் பிடிபடல."

எனக்குச் சுருக்கென்றது. துணி அளக்கிற நாடாவில் கொக்கி ஏது? ஆனாலும் விடவில்லை. "இதே டேப்லதான் ரெண்டு வருஷம் முன்னறை பூரா அளந்தேன். போய்ப் பாருங்க, ஒரு இடுக்கு இருக்கான்னு."

அவர் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து தாடையைச் சொறிந்தார். "அப்ப அறுத்தது யாரு?"

நான் பதில் சொல்வதற்குள் வராந்தாவுக்குப் போய், அறுப்புப் பலகை மேல் கிடந்த மரத்தூளை ஊதித் துடைத்தார். அதன் கீழே பென்சிலில், கோணல்மாணலான மாப்பிள்ளையின் கையெழுத்தில், இரண்டு அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது:

மாமா அளவு + 5 மி.மீ.

தச்சர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வாரம் எனக்கு ஞாபகம் வந்தது. ஏதோ ஒரு பலகை சேராமல் போனபோது அவர் தயங்கித் தயங்கி, "மாமா, இன்னொரு தடவை அளக்கலாமா?" என்று கேட்டார். "முப்பத்தெட்டு வருஷம் அளந்த கை இது, தெரியுமில்ல?" என்று நான்தான் எகிறினேன். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. வெளியே போய் இதை எழுதி வைத்துக்கொண்டார். இரண்டு வருஷம், நூற்றுக்கும் மேற்பட்ட பலகை, ஒவ்வொன்றுக்கும் அரை சென்டி கூட்டி அறுத்துக்கொண்டு வந்து, "அளவுன்னா இது" என்று நான் மார்தட்டும்போதெல்லாம் "ஆமா மாமா" என்று சொல்லியிருக்கிறார்.

என் கண் கலங்கியது. மனைவி தன் சால்வையை எடுத்து என் தோளில் போட்டாள்.

வேலை எவ்வளவு ஆச்சு என்று பார்க்க மூன்று மணி பஸ்ஸில் மகளும் பேத்தியும் வந்தார்கள். பேத்தி பாட்டியைத் தேடி உள்ளே ஓடினாள். நான் அறுப்புப் பலகையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டிப் பார்த்த மகள் படித்துவிட்டாள். அவள் முகம் மாறும் என்று பயந்தேன். அவளோ வாய்விட்டுச் சிரித்தாள்.

"கடைசியில கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டாரு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு." சிரிப்பு அடங்கியபின் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏம்ப்பா இவ்ளோ நாளா இங்க வரல?"

"தனியா எப்படிம்மா..."

"அவரைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"உன் மனசு கஷ்டப்படும்னுதான்."

மகள் என்னை முறைத்தாள். அது என் முறைப்புத்தான். அவளுக்கு அது என்னிடமிருந்துதான் வந்தது. "எனக்கும் அவருக்கும் ஒத்துவரல. அது எங்க ரெண்டு பேர் விஷயம். உங்களுக்கும் அவருக்கும் என்ன சண்டை? அவரை விட்டுடுங்கன்னு நான் கேட்டேனா? எட்டு மாசமா ஞாயித்துக்கிழமை ஆனா நீங்க அந்த நாற்காலியில உக்காந்து சுவத்தையே பாக்கறீங்க. என்னாலதான் அப்பாவுக்கு இதுவும் போச்சுன்னு நான் ஒவ்வொரு வாரமும் அழுதிருக்கேன், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அளவெடுக்கிறவன் என்று பெயர். ஒரே கூரையின் கீழ் இருந்தும் என் பெண்ணின் மனசை நான் அளக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த வாரம் பாப்பா அவர் முறை" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவளையும் கூட்டிக்கிட்டு இங்க வரட்டும். நான் வரமாட்டேன், அது சரியா வராது. ஆனா பின்னறை எனக்கு லீவுக்குள்ள முடிஞ்சாகணும். என்ன?"

மனைவி காத்திருந்தவள் மாதிரி நம்பரைப் போட்டுப் போனை என் காதில் வைத்தாள். மணி அடித்தது. அவர் எடுத்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தொண்டையைச் செருமினேன்.

"பின்னறை அப்படியே கிடக்கு" என்றேன்.

"எத்தனை பலகை மாமா?"

"பதினாலு."

"சனிக்கிழமை முதல் பஸ்ல வந்துடறேன்."

வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். பேத்தி எங்கள் இருவருக்கும் நடுவே ஆணி டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நன்றி சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாரம் முழுக்க வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. இனி அவர் என் பிசகைச் சுமக்க வேண்டாம் என்று பளபளவென்று புது டேப் வாங்கி, பழையதை ஆணி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தேன். அதைச் சொல்லவும் மறந்துபோனேன். உள்ளே போய்த் தூணுக்குத் தூண் பிடித்துக் கத்தினேன்.

"நூத்தி எண்பத்தி ஆறு!"

வாள் ஓடியது. பலகை வந்தது. வைத்து உள்ளங்கையால் தட்டினேன். நுழையவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம். நுழையவே இல்லை. பலகை அரை சென்டிமீட்டர் நெட்டை.

அவர் பலகையைப் பார்த்தார். என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். காது வரை சிவந்துபோனார்.

"டேப் புதுசா மாமா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீங்களா மாப்ள?"

அந்த 'மாப்ள' தானாக வந்து விழுந்துவிட்டது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. பலகையைப் பிடித்தபடி இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எதற்கென்று தெரியாமலே பேத்தியும் சிரித்தாள்.

சட்டைக்கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் ஆணி டப்பாவுக்குள் கைவிட்டு என் பழைய டேப்பை எடுத்து நீட்டினார்.

"இதுலயே அளங்க மாமா. எனக்கு இதுதான் பழக்கம்."