காதுக்குப் பின்னால் ஒரு சதுரம்

நான் வேலை செய்யும் கிளினிக்கில் தங்கச்சிக்கும் வேலை கேட்டேன். முகத்தில் பரு இருக்கிறவளை வரவேற்பு மேசையில் உட்கார வைக்க மாட்டேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். "தோல் கிளினிக் வாசல்லயே இப்படி ஒருத்தி இருந்தா வர்றவங்க திரும்பிப் போயிடுவாங்கம்மா. தங்கச்சிக்கு லேசர ஆரம்பி. தெளிஞ்சதும் சேர்த்துக்கறேன்." போன் எடுக்கக் கன்னம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் முடித்தவள் நான். வாயைத் திறந்தால் படிச்ச திமிர் என்பார்கள்.

லேசர் அடிப்பதுதான் என் வேலை. மெஷினில் வரும் அளவுகள் வெளுத்த தோலுக்குப் போட்டவை. நம் நிறத்துக்குக் குறைத்துப் போட வேண்டும். அதையும் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சின்னச் சதுரம் அடித்து, தோல் கருக்கிறதா என்று சில நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். தங்கச்சிக்கும் அப்படித்தான் அடித்திருந்தேன்.

"ஒண்ணுமே ஆகலக்கா," என்று சொல்லிவிட்டு இன்று நாற்காலியில் சாய்ந்தாள். காதுப் பக்கம் துடைத்தேன். பஞ்சில் பழுப்பாக மேக்கப் வந்தது. அதன் அடியில் நகம் அளவுக்குக் கருத்துப் போன தோல்.

"இது என்னடி?"

"மச்சம்."

"மச்சம் சதுரமா இருக்குமாடி?"

சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அது போயிடும்க்கா. நீ அடி."

"கன்னம் முழுக்க இப்படி ஆச்சுன்னா?"

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்? உனக்கு டிகிரி இருக்கு, பேசுவ. எனக்கு இந்த வேலையும் இல்லன்னா அம்மாகூடப் போய் நாலு வீட்ல பாத்திரம் தேய்க்கணும்."

என் கால், லேசரை அடிக்கும் பெடலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் குறைச்சு வச்சு அடிம்மா. என்ன, ராஜாத்தி மூஞ்சியா இது?"

"ராஜாத்தி மூஞ்சியா இருந்தா அடிக்கச் சொல்லியிருக்க மாட்டீங்க சார்."

மெஷினை அணைத்தேன்.

"அப்ப வேலைய மறந்துடச் சொல்லு," என்றார்.

தங்கச்சி அழவில்லை. கண்ணை மறைத்திருந்த கவசத்தைக் கழற்றி என் கையில் திணித்தாள். "நீ நல்லா இரு அக்கா," என்று மட்டும் சொல்லி, என் தோளை இடித்துக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே ஓடினேன்.

வெளியே, அடுத்து உள்ளே வர வேண்டிய பெண் காத்திருந்தாள். எங்கள் நிறம். தாடை முழுக்கப் பரு. கடந்து போன தங்கச்சி சட்டென்று நின்றாள். திரும்பி வந்து, அவள் எதிரில் கூந்தலை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் காட்டினாள்.

"முதல்ல இங்க அடிச்சுப் பாக்கச் சொல்லு. கருத்துப் போனா மறைக்காத. என்னை மாதிரி மேக்கப் போட்டுட்டு வராத."

அந்தப் பெண் பயந்து போய் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

ஆளில்லாத வரவேற்பு மேசையில் போன் அடித்தது. தங்கச்சியின் கை தன்னால் நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டு, கதவைத் தள்ளிப் போய்விட்டாள்.