பாதி அளவுத் தாள்

துலூத் நகரில் ஏப்ரல் மாதத்து ஏரிக் காற்று எலும்பைக் குடையும். ஆனாலும் அன்றைக்கு மார்லிஸ் ட்வைட்டுக்கு உள்ளுக்குள் கதகதப்பாக இருந்தது. புதுக் கிளினிக்கின் அஸ்திவாரக் குழிகளைச் சோதிக்க வந்த நகராட்சி ஆய்வாளர் அவள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் கான்கிரீட் கொட்ட முடியும். அந்த சைட்டின் சூப்பர்வைசர் டேல் ஹொக்கனன். இந்த ஆளுக்காகத்தான் அவள் ஆறு வருஷமாகக் காத்திருந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்பு அவனுக்குக் கீழே அவள் ஃபோர்மேன். அவன் சொன்ன அளவில் ஒரு தானியக் கிடங்குக்கு அஸ்திவாரம் போட்டாள். இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. "மார்லிஸுக்கு பிளான் படிக்கத் தெரியல சார்" என்று அவள் கண்ணெதிரிலேயே முதலாளிக்குப் போன் போட்டான். வேலை போயிற்று. ஊரிலுள்ள கட்டட ஆட்களுக்கெல்லாம் அவள் 'அரைவாசி மார்லிஸ்' ஆனாள். சாப்பாட்டுக் கடையில்கூட அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்தார்கள்.

"வாங்க ஆபீசரம்மா! இப்பவாவது பிளான் படிக்க வருதா?" என்றான் டேல்.

"ஏதோ வருது. உன் தாளைக் குடு, பாப்போம்."

அவன் நீட்டியது பாதி அளவில் அச்சடித்த தாள். மடித்துப் பையில் வைக்க வசதி என்று எல்லோரும் வைத்துக்கொள்வதுதான். அதில் ஸ்கேல் வைத்து அளந்தால் மட்டும் எல்லாமே பாதியாக வரும். 'அளக்காதே, எழுதிய அளவைப் படி' என்று தாளின் அடியிலேயே போட்டிருக்கும். ஒவ்வொரு தூணின் கீழும் அஸ்திவாரத்தைக் காட்டப் புள்ளிக்கோட்டில் ஒரு சதுரம், பக்கத்தில் ஓர் எண். ஓரத்து அட்டவணையில் அந்த எண்ணைத் தேடி நீள அகலத்தைப் படிக்க வேண்டும். டேலின் தாளில் ஐந்தாம் எண் வரிசையில் காப்பி கொட்டி எழுத்து அழிந்திருந்தது. அந்தச் சதுரத்தின் பக்கத்தில் 'மூன்றரை அடி' என்று பென்சிலில் கிறுக்கியிருந்தான்.

மார்லிஸ் தன் முழு அளவுத் தாளை விரித்தாள். ஐந்தாம் எண்ணுக்கு ஏழு அடி. அந்த எண்ணுக்கான மூலைக் குழியில் அடித்திருந்த பலகை மூன்றரை அடி. அதே தப்பு. இவன் அன்றும் பாதித் தாளில் ஸ்கேல் வைத்து அளந்துதான் சொல்லியிருக்கிறான்!

மணி எட்டு. கலவை லாரிகள் ஒன்பதுக்குத்தான் கிளம்பும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்திவிடலாம். அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை. மற்ற குழிகளில் ஒவ்வொரு கம்பியாக எண்ணிக்கொண்டு, காப்பியைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். இப்படி ருசியான காப்பியை அவள் குடித்ததே இல்லை.

ஒன்பதரைக்கு நான்கு லாரிகள் உறுமிக்கொண்டு வந்து நின்றன. கூலியாட்கள் கூடினார்கள்.

"டேல், அஞ்சாம் எண் என்ன அளவு? இதைப் பாத்து எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி."

அவன் அவளுடைய தாளைக் குனிந்து பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. "ஏழு... ஏழடி." உடனே தன் ஃபோர்மேன் பெவ்வைக் கைகாட்டினான். "இந்தம்மாவுக்கு பிளான் படிக்கத் தெரியல."

"அட பாவி! நீதானய்யா மூணரைன்னு எழுதிக் குடுத்தே!" என்று கத்தினாள் பெவ்.

மார்லிஸ் பென்சில் எழுத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். யாரோ பின்னாலிருந்து, "அரைவாசி டேலு!" என்றான். சிரிப்பு லாரிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"முதலாளிக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல," என்றாள் மார்லிஸ். "யாருக்குப் படிக்கத் தெரியலன்னு நீயே சொல்லு."

அவன் சொன்னான். "எனக்குத்தான் பிளான் படிக்கத் தெரியல சார்." அவள் ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டு, மூலைக் குழியில் வேலையை நிறுத்தும் சிவப்பு அட்டையைக் கட்டினாள்.

லாரிகள் திரும்பிப் போனபின் பெவ் வந்தாள். "உங்களுக்கு எட்டு மணிக்கே தெரியும்தானே?"

"தெரியும்."

"என் ஆளுங்களுக்கு இன்னிக்கு வேலை போச்சும்மா. முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா கமுக்கமா திருத்தியிருப்பான். அடுத்த தடவை உன் தலையில கட்டியிருப்பான்."

பெவ் மார்லிஸ் கையிலிருந்த பென்சில் கிறுக்கல் தாளை வாங்கி, நான்காக மடித்துத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த தடவைக்கு இது எங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள்.